ஈரம் காத்த நகரம்

1995-ஆம் ஆண்டு ஜூன் மாதம், நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்கன் நகரத்தில் பல நாட்டுப் பள்ளி மாணவர்கள் கூடினார்கள். உலக மரபுக் களங்களைப் பற்றி இளையோரே பேசட்டும் என்று யுனெஸ்கோ கூட்டிய முதல் மன்றம் அது. வந்த பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து உரை கேட்கவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது. ஸ்பானிய மொழி பேசும் மாணவர் குழு ஒன்று உலக மரபு இலச்சினையைக் கையில் எடுத்தது. வட்டத்துக்குள் ஒரு சதுரம்: வட்டம் இயற்கை, சதுரம் மனிதன் படைத்தது. அதற்கு முகமும் கைகால்களும் வரைந்து ஒரு சிறுவனாக்கி, ‘பாட்ரிமொனிட்டோ’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு யுனெஸ்கோ எடுத்த இளையோர் கார்ட்டூன் படங்களுக்கு அந்தச் சிறுவனே நாயகன் ஆனான். உலகெங்கும் மாணவர்கள் வரைந்து அனுப்பிய படக்கதைகளிலிருந்து அந்தப் படங்கள் உருவாயின. 1998-இல் ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றும் வந்தது. மரபுச் சின்னங்களைப் பற்றி வகுப்பில் விவாதிக்கவும் நடித்துப் பார்க்கவும் பயிற்சிகள் கொண்ட நூல்.

அந்த மன்றத்துக்கு பெர்கனைவிடப் பொருத்தமான ஊர் அமைந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய இடமொன்று நூறு ஆண்டு கழித்து எப்படி இருக்கும் என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேட்டால், கட்டடத்தை வரைவார். கோபுரமோ, கோட்டையோ, தேவாலயமோ. பெரியவர்களும் அதையேதான் வரைவோம். பெர்கனில் அப்படி வரைந்தால் படத்தில் பாதி விடுபட்டுப்போகும். அங்கே மரபின் பெரும்பகுதி தரைக்குக் கீழே, சேற்றுக்குள் இருக்கிறது. மேலே நிற்கும் வீடுகளின் ஆயுளையும் அந்தச் சேற்றின் ஈரம்தான் முடிவு செய்கிறது.

பெர்கன் துறைமுகத்தின் கிழக்குக் கரையில் ‘பிரிக்கன்’ என்ற மரவீட்டு வரிசை இருக்கிறது. கடலைப் பார்த்தபடி முக்கோண முகப்புகள், சிவப்பும் காவியும் வெள்ளையுமாக. முகப்பு குறுகல், வீடு பின்னோக்கி நீளமாக ஓடும். இரண்டு வரிசைகளுக்கு நடுவே பலகை பாவிய சந்து. இன்று எஞ்சியிருப்பவை 62 கட்டடங்கள். 1979-இல், நார்வேயிலிருந்து உலக மரபுப் பட்டியலில் முதலில் இடம்பெற்ற இரண்டு இடங்களில் இது ஒன்று.

இதைக் கட்டியெழுப்பிய வணிகம் கருவாட்டு வணிகம். வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் குளிர்காலக் கடைசியில் காட் மீன் பிடிப்பார்கள். உப்புப் போடாமல், மரச்சட்டங்களில் தொங்கவிட்டு, குளிர்ந்த கடற்காற்றிலேயே காயவைப்பார்கள். கட்டை போல இறுகிவிடும் அந்தக் கருவாடு ஆண்டுக்கணக்கில் கெடாது. அது பெர்கனுக்கு வந்து, தெற்கே ஜெர்மன் நகரங்களுக்குப் போகும். பதிலுக்கு நார்வேக்குத் தானியம் வரும். 1360 வாக்கில் ஹன்சா என்ற ஜெர்மன் வணிகக் கூட்டமைப்பு பிரிக்கனில் தன் பண்டகசாலையை முறைப்படி நிறுவியது. சுமார் நான்கு நூற்றாண்டு, 1754 வரை அது நீடித்தது.

அங்கே வாழ்ந்தவர்களில் பெருந்தொகையினர் சிறுவர்களும் இளைஞர்களும்தான். பதின்வயதின் தொடக்கத்திலேயே ஜெர்மனியிலிருந்து வேலை பழக அனுப்பப்பட்டவர்கள். அங்கே இருக்கும்வரை திருமணம் கூடாது என்பது விதி. மரவீடுகள் என்பதால் தீக்குப் பயந்து வீட்டுக்குள் அடுப்பு கிடையாது. நார்வேயின் குளிர்காலத்தில், அலமாரி போன்ற மரப்பெட்டிக் கட்டில்களில் இருவர் இருவராகப் படுத்து உறங்கினார்கள். குளிர்காய்வதும் சூடாகச் சாப்பிடுவதும் பின்பக்கம் தனியாகக் கட்டிய பொதுக்கூடங்களில் மட்டும். புதிதாக வந்த பையன்களைப் புகையிலும் நீரிலும் வதைத்துச் ‘சோதிக்கும்’ கொடுமையான சடங்குகளும் நடந்திருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் இன்று படம் எடுக்கும் அந்த வண்ண முகப்புகளுக்குப் பின்னால், ஊரைப் பிரிந்த பையன்கள் மீன் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்த இடமே வேறாகத் தெரிகிறது.

இவ்வளவு கவனமாக இருந்தும் தீ வந்துகொண்டேதான் இருந்தது. 1198, 1248, 1413, 1476, 1702 என்று பெரிய தீவிபத்துகள் மட்டும் ஒரு பட்டியல். ஒவ்வொரு முறையும் எரிந்ததைச் சமன்படுத்தி, அதன்மேலேயே மறுபடி கட்டினார்கள். வீட்டுக் குப்பை, மரத்துண்டு, சாணம், மீன்முள், கிழிந்த தோல்செருப்பு எல்லாம் கரையோரத்தில் கொட்டப்பட்டு, மரச்சட்டங்களால் அணைக்கப்பட்டு, புதுத்தரையானது. துறைமேடை நூற்றாண்டுதோறும் கடலுக்குள் நகர்ந்துபோனது. இப்படி ஏறிய மண்ணடுக்கு சில இடங்களில் 8 மீட்டருக்கும் மேல் தடிமன். இதைத் தொல்லியலாளர்கள் பண்பாட்டு அடுக்கு என்கிறார்கள். மூன்று மாடி உயரத்துக்குக் குவிந்த வாழ்க்கை அது. அதில் மணலையும் கல்லையும்விட மக்கக்கூடிய பொருளே மிகுதி.

1955 ஜூலை 4 அன்று பிரிக்கன் மறுபடி எரிந்தது. வடபகுதி வீடுகள் பல சாம்பலாயின. மிச்சமிருப்பதையும் இடித்துவிட்டு நவீனமாகக் கட்டலாம் என்று ஊரில் பலமான குரல்கள் எழுந்தன. தெற்குப் பகுதியில் அப்படி ஏற்கெனவே நடந்திருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரவீடுகளை இடித்துச் செங்கல் கட்டடங்கள் எழுப்பியிருந்தார்கள். இம்முறை வேறுவிதமாக நடந்தது. எரிந்த நிலத்தில் அஸ்பியோர்ன் ஹெர்டைக் என்ற தொல்லியலாளர் அகழாய்வைத் தொடங்கினார். சில மாதங்களில் முடியும் என்று யாராவது நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள்; 1968 வரை தொடர்ந்தது. ஐரோப்பாவின் இடைக்கால நகரங்களில் நடந்த மிகப்பெரிய அகழாய்வுகளில் ஒன்று அது.

நகரத்தை அழித்த தீயே ஹெர்டைக்குக்கு நாட்காட்டி ஆனது. ஒவ்வொரு தீவிபத்தும் மண்ணில் ஒரு கருப்புக் கோட்டை விட்டுப்போயிருந்தது. எந்தத் தீ எந்த ஆண்டு என்பது பழைய ஆவணங்களில் இருக்கிறது. ஆகவே இரண்டு கரிக்கோடுகளுக்கு நடுவே ஒரு சீப்பு கிடைத்தால், அது எந்த இரண்டு தீவிபத்துகளுக்கு இடைப்பட்ட காலத்தில் விழுந்தது என்று சொல்லிவிடலாம். அகழாய்வாளர்களுக்கு இப்படி ஒரு வசதி அரிதாகவே அமையும்.

கிடைத்தவற்றில் உலகைத் திரும்பிப்பார்க்க வைத்தவை சின்ன மரக்குச்சிகள். ரூனிக் என்பது வட ஐரோப்பாவின் பழைய எழுத்துமுறை. நேர்க்கோடுகளால் ஆனது, மரத்தில் கத்தியால் கீற ஏற்றது. அதுவரை அறிஞர்கள் அதை நடுகற்களிலும் நினைவுக்கற்களிலும்தான் அதிகம் பார்த்திருந்தார்கள். பெரிய மனிதர்களின் எழுத்து என்றும், இடைக்காலத்தில் லத்தீன் எழுத்து வந்ததும் வழக்கொழிந்தது என்றும் ஓர் எண்ணம் இருந்தது. பிரிக்கன் மண்ணிலிருந்து சுமார் 670 ரூனிக் பொறிப்புகள் வந்தன. பெரும்பாலானவை மரக்குச்சிகளில் இருந்தன. சரக்கு மூட்டையின்மேல் கட்டிய உரிமையாளர் பெயர்ச்சீட்டுகள். வணிகக் கடிதங்கள். பிரார்த்தனைகள். எழுத்துப் பழகியவர்கள் வரிசையாகக் கீறிப்பார்த்த அகரவரிசை. முத்தம் கேட்டு யாரோ எழுதிய காதல் குறிப்பு. ஒரு குச்சியில் ஒரு பெண் ஓர் ஆளை வீட்டுக்குக் கிளம்பச் சொல்கிறாள். பின்பக்கத்தில் பதில் எழுத முயன்றவரின் கிறுக்கல் யாருக்கும் புரிவதாயில்லை. இன்னொரு குச்சியில் ஒரு கப்பல் படையே வரையப்பட்டிருக்கிறது, முனைகள் வரிசை வரிசையாக.

14-ஆம் நூற்றாண்டு வரை சாதாரண மக்கள் இந்த எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது இந்தக் குச்சிகளால் உறுதியானது. ஓர் எழுத்துமுறையைப் பற்றிய வரலாறு திருத்தி எழுதப்பட்டது. திருத்தியவை எழுதி எறியப்பட்ட குப்பைகள்.

மரக்குச்சி எப்படி 700, 800 ஆண்டு தாங்கியது? மழைக்காலத்தில் கொல்லையில் கிடக்கும் விறகு இரண்டு ஆண்டில் பூசணம் பிடித்து உதிர்ந்துவிடுகிறது. பெர்கனோ ஐரோப்பாவிலேயே மழை மிகுந்த நகரங்களில் ஒன்று. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. சென்னையில் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். அவ்வளவு ஈரத்தில் மரம் மக்கியிருக்க வேண்டுமே என்றுதான் நமக்குத் தோன்றும்.

ஊறுகாய் ஜாடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் துண்டு கெடாது. எண்ணெய்க்கு மேலே தலைநீட்டும் துண்டில்தான் பூசணம் ஏறும். பிரிக்கன் மண்ணில் எண்ணெயின் வேலையை நிலத்தடி நீர் செய்கிறது.

மரத்தை வேகமாகத் தின்பவை பூஞ்சைகள். மரத்துக்கு உறுதி தரும் செல்லுலோசையும் லிக்னினையும் உடைக்க அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். மண்ணின் துளைகளில் காற்று இருக்கும்போது ஆக்சிஜன் எளிதில் உள்ளே வருகிறது. அதே துளைகளில் நீர் நிரம்பிவிட்டால் கதை மாறுகிறது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் கரைந்திருப்பது சுமார் 11 மில்லிகிராம்தான். அதோடு, நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. உள்ளே இருந்த கொஞ்ச ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். புதிதாக வருவதற்கு வழியில்லை. பூஞ்சைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

அதற்காக உயிர்ச்செயல் முழுவதும் நின்றுவிடுவதில்லை. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையும், பிறகு மாங்கனீசையும் இரும்பையும், அதற்குப் பிறகு சல்பேட்டையும் வைத்து மூச்சுவிடுகின்றன. கடைசியில் மீத்தேன் உண்டாக்குபவை வருகின்றன. படிப்படியாக இறங்கும் இந்த வரிசையில், ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது. அதனால் சிதைவின் வேகமும் குறைகிறது. ஆற, அமர, நூற்றாண்டுக்கணக்கில் நடக்கும் சிதைவு. அதற்குள் மரக்குச்சியின் எழுத்து அப்படியே இருக்கும். தோல்செருப்பின் தையல்கூட இருக்கும். ஆம்ஸ்டர்டாம் அரண்மனையை 17-ஆம் நூற்றாண்டிலிருந்து தாங்கும் 13,659 மரத்தூண்களும், வெனிஸ் நகரத்துக்கு அடியில் சேற்றில் அறைந்த தூண்களும் இதே விதியின்படிதான் நிற்கின்றன. நீர்மட்டம் இறங்கித் தூணின் தலை காற்றைத் தொட்டால் அங்கே அழுகல் தொடங்கும்.

பிரிக்கனில் அது நடந்தது. 1955-இல் எரிந்த நிலத்தில் ஒரு ஹோட்டல் கட்டினார்கள். உலக மரபுப் பட்டியலில் இடம்பிடித்த அதே காலகட்டம். அடித்தளம் நீரில் மூழ்காமலிருக்க, நிலத்தைச் சுற்றி எஃகுத் தகடுகளை வேலிபோல் மண்ணுக்குள் இறக்கி, உள்ளே வடிகால் அமைத்தார்கள். பொறியியல் நோக்கில் வழக்கமான வேலை. ஆனால் மண்ணுக்குள் நீர் எந்த எல்லைக்கும் கட்டுப்படுவதில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த பழைய வீடுகளின் அடியிலிருந்தும் நீர் கசிந்து அந்த வடிகாலுக்குப் போனது. நீர்மட்டம் இறங்கியது. 700 ஆண்டு ஈரத்தில் இருந்த அடுக்குக்குள் காற்று நுழைந்தது.

இதன் விளைவு இரண்டு விதமாக வந்தது. முதலாவது, மண்ணின் சுமைக்கணக்கு மாறியது. துளைகளில் இருக்கும் நீரின் அழுத்தம் மேலே இருக்கும் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருக்கும். நீர் போனால் அந்தப் பங்கும் மண் துகள்களின் மேலேயே இறங்கும். அடுக்கு நெருங்கி அமுங்கும். இது ஓரளவோடு நின்றுவிடும். இரண்டாவது நிற்காது. மக்கக்கூடிய பொருளே அடுக்கின் பெரும்பங்கு என்றேன் அல்லவா? ஆக்சிஜன் வந்ததும் அது கரியமில வாயுவாக மாறிப் போய்விடுகிறது. வீட்டைத் தாங்கும் தரை, காற்றாகக் கரைகிறது. மிக மோசமான இடங்களில் நிலம் ஆண்டுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை இறங்கியதை அளவீடுகள் காட்டின. நகத்தின் அகலம்கூட இல்லை. ஆனால் பத்து ஆண்டுகளில் அது ஒரு விரல் நீளம். அதுவும் ஒரு வீட்டின் ஒரு மூலை மட்டும் இறங்கினால் கதவு மூடாது, சுவர் முறுக்கிக்கொள்ளும்.

அடியிலிருப்பதை அகழ்ந்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாமே என்று கேட்கலாம். வெளியே எடுத்த நொடியிலிருந்து ஈரமரம் காய்ந்து சுருங்கத் தொடங்கும். ஒவ்வொன்றையும் வேதிமுறையில் காப்பது பல ஆண்டுப் பணி. எடுத்துவிட்டால் மேலே நிற்கும் வீடுகளுக்குத் தரை இல்லை. இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 1992-இல் மால்டாவின் வாலெட்டாவில் கையெழுத்தான ஐரோப்பிய உடன்படிக்கை, தொல்பொருளை முடிந்தவரை மண்ணிலேயே விட்டுக் காக்கச் சொல்கிறது. நாளை வருபவர்களிடம் நம்மிடம் இல்லாத கருவி இருக்கும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

அந்த நம்பிக்கை வீணாகவில்லை. ஹெர்டைக் தோண்டத் தொடங்கியபோது டிஎன்ஏவின் வடிவம் உலகுக்குத் தெரிந்து 2 ஆண்டுதான் ஆகியிருந்தது. பழைய மீன்முள்ளிலிருந்து அதைப் படிக்கலாம் என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஜெர்மனியின் ஹைதாபு என்ற வைக்கிங் காலத் துறைமுகத்தில் கிடைத்த காட் மீன் எலும்புகளைப் படித்து, அவை வடதுருவக் கடல் சார்ந்த மீன்கள் என்று காட்டியது. அப்படியானால் வடக்குக் கருவாடு ஹன்சா வணிகர்களுக்கு முன்பே, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, அவ்வளவு தொலைவு பயணித்திருக்கிறது. பிரிக்கன் சேற்றில் இன்னும் தோண்டாமல் கிடக்கும் மீன்முட்களுக்கும் தோலுக்கும் விதைகளுக்கும் 2080-இல் எந்தக் கேள்வியைக் கேட்பார்கள் என்று நம்மால் ஊகிக்க முடியாது. கேட்கப்போகிறவர்கள் இன்னும் பள்ளிக்கே வரவில்லை.

நீர்மட்டத்தை மீட்கும் பெரிய முயற்சி 2011-இல் தொடங்கியது. நார்வேயின் மரபுக் காப்பு இயக்ககமும் புவியியல் ஆய்வு நிறுவனமும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். பல ஆண்டுகளாகவே ஆங்காங்கே ஒடுக்கமான கண்காணிப்புக் கிணறுகளை இறக்கி நீர்மட்டம், ஆக்சிஜன், வெப்பநிலை எல்லாம் பதிந்துவந்தார்கள். மருத்துவர் நாடி பார்ப்பதைப்போல இந்த மண்ணைப் பார்த்தவர்கள் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் அவர்கள் செய்த வேலையை நேராகச் சொல்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. ஹோட்டல் பக்கத்து வடிகாலின் மட்டத்தை உயர்த்தினார்கள். கூரையிலும் தெருவிலும் விழுந்து நேரே சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த மழைநீரைத் திருப்பி, மண்ணுக்குள் இறங்க வழி செய்தார்கள். நீர் புகும் தரைக்கற்கள், புல் வளர்ந்த ஆழமில்லாத வாய்க்கால்கள், மழைத்தோட்டங்கள், தரைக்கடியில் நீரை நிறுத்தியும் கொண்டுபோயும் மெல்லக் கசியவிடும் குழாய்கள்.

இதில் ஒரு நுட்பம் இருந்தது. மழைநீர் வரும்போதே ஆக்சிஜனையும் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. வேகமாகப் பாய்ச்சினால் மருந்தே நஞ்சாகலாம். மேல்மண்ணின் வழியே மெதுவாக இறங்கினால், வழியிலிருக்கும் உயிர்ப்பொருள் அந்த ஆக்சிஜனைத் தின்றுவிடும். பழைய அடுக்கை அடையும்போது நீர் பாதுகாப்பானது. அதனால்தான் பம்பு வைத்து நிரப்புவதைவிடத் தோட்டம் வழியாக நனைப்பது மேல். சில ஆண்டுகளில் மோசமான பகுதிகளிலும் நீர்மட்டம் ஏறியது. நிலம் இறங்கும் வேகமும் தெளிவாகக் குறைந்தது.

ஓர் உலக மரபுச் சின்னத்தைக் காப்பாற்றிய கருவிகளில் தெருவோரத் தோட்டமும் ஒன்று என்பது என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கிறது. பாதசாரிக்கு அது பூச்செடி. 13-ஆம் நூற்றாண்டுக் குச்சிக்கு அது உயிர்.

மேலே இருக்கும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. 1962-இல் பிரிக்கனைக் காக்க ஓர் அறக்கட்டளை உருவானது. முழு மரங்களை மூலையில் பூட்டி அடுக்கும் பழைய கட்டுமானமுறை தெரிந்த தச்சர்கள், சாய்ந்த வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி, அழுகிய அடிமரத்தை மாற்றி, மறுபடி இறக்கிவைப்பார்கள். எல்லாக் கோணலையும் நேராக்கிவிடுவதில்லை. 1702-க்குப் பிறகு எழுந்த இந்த வீடுகள் பல தலைமுறை சாய்ந்தே பழகியவை. எது வயதின் சாய்வு, எது நோயின் சாய்வு என்று கண்டுபிடிக்க அளவுகோலும் வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். இளம் தச்சர்கள் அதை மூத்தவரின் பக்கத்தில் நின்றுதான் கற்கிறார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு முதன்மையாகத் தெரிவது இதுதான்: பிரிக்கனைப் பற்றி எடுத்த ஒவ்வொரு முடிவும் ஒரு வருங்காலக் கற்பனை. 1702-இல் எரிந்ததும் பழைய வடிவிலேயே மறுபடி கட்டியவர்கள் ஒன்றைக் கற்பனை செய்தார்கள். 1900 வாக்கில் செங்கல்லைத் தேர்ந்தவர்கள் வேறொன்றை. 1955-இல் இடிக்கச் சொன்னவர்களும் வருங்காலத்தின் பெயரால்தான் பேசினார்கள். எஃகு வேலி இறக்கியவர்களின் கற்பனையில் தரைக்கு மேலே இருந்தது மட்டும் இருந்தது. அதன் விலையை அளந்தவர்கள் பின்னால் வந்தவர்கள். ஒரு தலைமுறையின் கற்பனையில் விடுபட்டது அடுத்த தலைமுறையின் வேலைப்பளுவாகிறது. ஆகவே இளையவர்களிடம் கருத்துக் கேட்பதை ஒரு சலுகையாக நினைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. விளைவோடு அதிக நாள் வாழப்போகிறவர்கள் அவர்கள்.

அப்படி ஒரு முடிவு அண்மைக் காலத்திலும் அந்த ஊரில் விவாதமானது. வடக்கே ஓசனே பகுதிக்கு நீளவேண்டிய இலகு ரயில், பிரிக்கன் முன்னால் உள்ள தெருவின் வழியே போகட்டுமா, சுரங்கத்தில் போகட்டுமா என்று பத்தாண்டுக்கு மேலாகச் சண்டை நடந்தது. நகராட்சித் தேர்தல்களிலேயே அது பெரிய பேச்சானது. மேலே போனால் அதிர்வு, கம்பிகள், மறையும் காட்சி என்றது ஒரு தரப்பு. கார்கள் போய் ரயில் வந்தால் நல்லதுதானே என்றது இன்னொரு தரப்பு. சுரங்கம் என்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பாறையைக் குடையும் சுரங்கத்துக்குள் நீர் கசியும். கசிந்தால் சுற்றுவட்ட நீர்மட்டம் பாதிக்கப்படலாம். மண்ணுக்குள் நடப்பதைக் கற்ற ஒரு மாணவி இந்த விவாதத்தில் கேட்கும் கேள்வி, முகப்பை மட்டும் பார்த்தவர் கேட்பதைவிட ஆழமாக இருக்கும்.

அந்த மாணவி தமிழ் பேசுபவராகவும் இருக்கலாம். பெர்கனில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. போர்க்காலத்தில் நார்வே போனவர்களில் கணிசமானோர் முதலில் வேலை செய்தது வடகோடிக் கரையின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில். வடக்கத்திக் கடலின் மீனும், தூரதேசத்திலிருந்து வந்த கைகளும் என்ற பழைய சேர்க்கை அங்கே இன்னொரு முறை நடந்தது. ‘இது யாருடைய மரபு?’ என்ற கேள்வி அவர்களுடைய பிள்ளைகளுக்கு எழுவது இயல்பு. பிரிக்கனில் குளிரில் உறங்கிய அந்த ஜெர்மன் பையன்களும் அந்த ஊர்க்காரர்கள் இல்லையே. அவர்கள் நடந்து தேய்ந்த பலகைச் சந்தைத்தான் இன்று நார்வே தன் பெருமை என்கிறது. பெர்கனில் வளரும் ஒரு தமிழ்ப்பிள்ளை அந்தச் சந்தின் வருங்காலத்தைப் பற்றிப் பேசத் தயங்க எந்தக் காரணமும் இல்லை.

இளையவர்கள் பேசவேண்டியது நிறைய இருக்கிறது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் நுண்ணுயிர்ச் சிதைவின் வேகம் ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்காகும். எனவே காற்றும் மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாவதே ஒரு கணக்கு. மழை கூடும் என்பது இன்னொன்று. அதை மண்ணுக்குள் மெதுவாக விடத் தெரிந்தால் நல்லது. சாக்கடைக்கு விட்டால் வெள்ளம். மிகப் பெரிய கணக்கு கடல். இப்போதே கடும்புயலும் உயர்அலையும் சேர்ந்தால் நீர் துறைமேடை ஏறி வீடுகளின் வாசலைத் தொடுகிறது. துறைமுக வாயிலில் தடுப்பு கட்டுவதைப் பற்றி ஆய்வுகளும் நடந்திருக்கின்றன.

கடல் ஏறினால் அடியிலுள்ள அடுக்கு நன்றாக மூழ்கும், நல்லதுதானே என்று தோன்றலாம். அலை ஏறி இறங்கும்போதெல்லாம் துறையோர மண்ணுக்குள் நீர் வந்து போகும். நின்றுகிடக்கும் நீரைப்போல அது ஆக்சிஜனைத் தடுக்காது. உப்புநீரோடு சல்பேட்டும் வரும். அது சில பாக்டீரியாக்களுக்கு மூச்சுப்பொருள். அத்துடன் கப்பல்புழு இருக்கிறது. பெயரில்தான் புழு, உண்மையில் சிப்பியினத்தைச் சேர்ந்தது. மண்ணுக்குள் புதைந்த மரத்தை அது தொடாது. மண் அரித்து, மரம் திறந்த கடல்நீரைப் பார்த்தால் சில ஆண்டுகளிலேயே துளைத்துச் சல்லடையாக்கிவிடும். ஆகவே துறையோரத்தை அரிப்பிலிருந்து காக்கவேண்டும். அதே சுவர் உள்ளிருந்து வரும் நன்னீரின் ஓட்டத்தையும் கெடுக்கக்கூடாது.

வீடுகளை உயர்த்துவது இன்னொரு வழி. தச்சர்களுக்கு அது தெரிந்த வேலைதான். ஆனால் ஒரு வீட்டைத் தூக்கினால் சந்தின் பலகையும் பக்கத்து வீட்டின் படியும் கூடவே உயரவேண்டும். 62 கட்டடங்களையும் எவ்வளவு, எந்த வரிசையில், கீழே இருக்கும் நீர்மட்டத்தைக் கலைக்காமல் உயர்த்துவது என்று யாராவது ஒருநாள் கணக்குப் போட்டாகவேண்டும். 1995 மன்றத்துக்கு வந்த பிள்ளைகள் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். அந்தக் கணக்கு அவர்களுடைய பிள்ளைகளுக்கு வரும். வரும்போது பிரிக்கனின் கிணறுகளில் பதிந்துவைத்த நீர்மட்ட எண்கள் அவர்கள் கையில் இருக்கும்.